கிளினிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளை நம்பலாமா? போலந்து நோயாளிகளுக்கான தகவல் பற்றி

14 நவம்பர் 2021

வாசகர் ஒருவர் கேட்டது: "அக்கா, போலந்தில் மருந்துச் சீட்டு போனுக்கே வருகிறது. நோயாளிகளுக்கென்று அரசாங்கமே தனித் தளம் நடத்துகிறது. அப்புறம் ஏன் கிளினிக் சுவரெல்லாம் தாள்? எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு கியூஆர் கோடு ஒட்டினால் போதாதா?"

கிழித்துப் போட முடியாது தம்பி. நோயாளி உரிமைகள் பற்றிய 2008 நவம்பர் 6ஆம் தேதிச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமைகள் என்னென்ன என்பதைக் கிளினிக் எழுத்தில், எல்லோரும் வந்துபோகும் இடத்தில் வைத்தாக வேண்டும். தேசிய சுகாதார நிதியத்தோடு (அரசுக் காப்பீட்டில் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் அமைப்பு) ஒப்பந்தம் போட்ட இடம் என்றால், இரவில் எங்கே போவது, அவசரத்துக்கு எந்த எண் என்பதையும் ஒட்ட வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். நான் க்ராகோவில் ஒரு குடும்ப மருத்துவர் கிளினிக்கின் பதிவு மேசையில் உட்காருகிறவள். காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் கையில் பட்டன் போன். காத்திருக்கும் நேரத்தில் கதவுக் கண்ணாடியில் இருப்பதை ஒரு வரி விடாமல் படிப்பார்கள். படித்ததை வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தாள் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய தாள் இருப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

15 நவம்பர் 2021

"பழைய தாளால் அப்படி என்ன ஆகிவிடும்" என்று அதே தம்பி.

ஓர் உதாரணம். 2020 ஜனவரி 8 முதல் இங்கே மின் மருந்துச் சீட்டு கட்டாயம். நாலு இலக்கக் குறியீட்டையும் பெசெல் எண்ணையும் (இங்கே ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண்) சொன்னால் நாட்டின் எந்த மருந்துக்கடையிலும் மருந்து கிடைக்கும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். சீட்டு பொதுவாக 30 நாள் செல்லும். மருத்துவர் குறித்துக் கொடுத்தால் 365 நாள் வரை போகும். ஆன்டிபயாட்டிக் மட்டும் 7 நாள்.

நான் பார்த்த ஓர் இடத்தில் சுவரில் பெரிய எழுத்தில் "மின் சீட்டு 30 நாள் செல்லும்" என்று மட்டும் இருந்தது. அது பொய் இல்லை, ஆனால் அரைகுறை. கட்டட வேலைக்குப் போகும் ஒருவர், சம்பளம் வரட்டும் என்று ஆன்டிபயாட்டிக் சீட்டை வைத்திருந்து ஒன்பதாம் நாள் மருந்துக்கடைக்குப் போனார். சீட்டு செத்துப்போயிருந்தது. காய்ச்சலோடு மறுபடி வரிசையில் வந்து நின்றார். அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே வாங்கியிருப்பார்.

15 நவம்பர் 2021, இரவு

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2017 அக்டோபர் 1 அன்று மருத்துவமனை வலையமைப்பு (அரசு தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளை ஒரே பட்டியலில் சேர்த்த ஏற்பாடு) வந்தபோது இரவு, விடுமுறை நாள் சிகிச்சை பல ஊர்களில் மருத்துவமனைகளுக்கு இடம் மாறியது. மாலை 6 முதல் காலை 8 வரை, சனி ஞாயிறு விடுமுறை என்றால் நாள் முழுக்க. அந்த நேரம் மாறவில்லை, முகவரிதான் மாறியது. பழைய முகவரி எத்தனை கதவுகளில் எத்தனை காலம் தொங்கியது! நடுராத்திரியில், 39 டிகிரி காய்ச்சலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைத் தட்டியவர்கள் மறுநாள் வந்து எங்களிடம்தான் கத்தினார்கள். கத்தட்டும், நியாயம்தான்.

இரவுச் சிகிச்சைக்கு வட்டாரக் கணக்கு கிடையாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போகலாம். இதை யாரும் ஒட்டுவதில்லை.

2 டிசம்பர் 2021

"தோல் மருத்துவரிடம் நேராகப் போகலாமா?" என்று கேட்ட அம்மாவுக்கு: போக முடியாதும்மா. 2015 ஜனவரி 1 முதல் தோல், கண் இரண்டுக்கும் குடும்ப மருத்துவரின் பரிந்துரை வேண்டும். பரிந்துரை இல்லாமல் போகக்கூடியவர்கள்: மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவர், பல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், மனநல மருத்துவர், பால்வினை நோய் மருத்துவர்.

2015க்கு முந்தைய பட்டியல் இன்னமும் வலைப்பக்கங்களில் கிடக்கிறது. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். அரசாங்கம் தன் பக்கத்தைத் திருத்தினாலும் அந்த ஒன்பதும் அப்படியே இருக்கும். தேடினால் முதலில் வருவதும் அதுவே.

9 ஏப்ரல் 2022

ஒரு மாதமாக எழுத நேரமில்லை. காரணம் உங்களுக்கே தெரியும், உக்ரைன் போர்.

உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்கான சிறப்புச் சட்டம் மார்ச் 12 அன்று வந்தது. பிப்ரவரி 24 முதல் வந்தவர்களுக்குப் பொருந்தியது. போலந்துக்காரர்களுக்கு உள்ள பெரும்பாலான சிகிச்சை அவர்களுக்கும் கிடைத்தது. முதல் வாரங்களில் எங்கள் மேசையில் தாள் ஒட்டி மை காயும் முன்பே அடுத்த அறிவிப்பு வந்தது. ஒரு பெண், கைக்குழந்தை, நாலு வெவ்வேறு இடத்தில் வாங்கிய நாலு துண்டுத்தாள். நான்கிலும் வேறு வேறு விதமாக எழுதியிருந்தது. நான்கையும் மேசைமேல் விரித்து வைத்து, எது சரி என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கே எங்கள் மேலாளரிடம் சொன்னேன்: எந்தத் தாளாக இருந்தாலும் மூலையில் தேதி போடாமல் ஒட்டக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார். நான்கு தாளிலும் தேதி இருந்திருந்தால் அந்தப் பெண்ணே கண்டுபிடித்திருப்பாள்.

11 ஏப்ரல் 2022

க்டான்ஸ்கில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை எழுதியது: "தேதி போட்டால் மக்கள் நம்ப மாட்டார்கள் அக்கா. ஆறு மாதம் ஆகிவிட்டதே, இது செல்லாது என்று நினைப்பார்கள்."

நினைக்கட்டுமே. நினைத்தால் மேசைக்கு வந்து கேட்பார்கள். கேட்பது நல்லதுதானே.

20 செப்டம்பர் 2022

கல்லூரி திறக்கப்போகிறது, அதனால் இது. ஈவூஷ் முறையில் (காப்பீடு இருக்கிறதா என்று மேசையில் பார்க்கும் கணினி முறை) உங்கள் பெயருக்குச் சிவப்பு காட்டினால் உங்களுக்குக் காப்பீடே இல்லை என்று அர்த்தமாகாது. 2013 ஜனவரியில் வந்த முறை இது. சில சமயம் பதிவு வந்து சேரத் தாமதமாகும். சில சமயம் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க மறந்திருப்பார்கள். காப்பீடு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மருத்துவரைப் பார்க்கலாம். "சிவப்பு என்றால் பணம் கட்ட வேண்டும்" என்று எங்காவது எழுதி ஒட்டியிருந்தால் அது தவறு. மேசையில் சொல்லுங்கள். ஆனால் காப்பீடு இல்லாமலே கையெழுத்துப் போட்டால் பின்னால் செலவைக் கேட்பார்கள், அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு 6 மாதம், பல்கலைக்கழகம் முடித்தவர்களுக்கு 4 மாதம் உரிமை தொடரும். வேலை போனால் 30 நாள். பல பக்கங்களில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

இங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. நீங்கள் நிதியத்தின் கிளைக்குப் போய் விருப்பக் காப்பீட்டு ஒப்பந்தம் போட வேண்டும். மேலே சொன்னதைப் படித்துவிட்டு எனக்கும் உண்டு என்று இருந்துவிடாதீர்கள்.

3 அக்டோபர் 2022

[காலாவதி, கீழே பார்க்கவும்] மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை (மாமோகிராம்) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 50 முதல் 69 வயது வரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இலவசம், பரிந்துரை வேண்டாம். ஊர் ஊராக வரும் பரிசோதனை பஸ்ஸிலும் எடுத்துக்கொள்ளலாம்.

7 ஜூலை 2023

கொரோனாவுக்காக அறிவித்திருந்த தொற்று அபாய நிலையை ஜூலை 1 அன்று எடுத்துவிட்டார்கள். மருத்துவ இடங்களில் முகக்கவசக் கட்டாயமும் அதோடு போயிற்று. எங்கள் கட்டடத்தில் முகக்கவசத் தாள்களைப் பிய்க்க ஆரம்பித்தேன். ஒன்றின் அடியில் இன்னொன்று, அதன் அடியில் மூன்றாவது. 2020இல் ஒட்டியது கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டது, பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. லிஃப்ட் பக்கத்தில் "ஒருவர் மட்டும் உள்ளே" என்று ஓர் அம்புக்குறி, யாரும் கவனிக்காமல் அப்படியே.

புதிதாக ஒட்டுவதற்கு ஆள் இருக்கிறது, கடிதம் வருகிறது, கெடு இருக்கிறது. பழையதை எடுப்பதற்கு யாருக்கும் உத்தரவு வருவதில்லை. அமைச்சகத்திலிருந்து வரும் சுற்றறிக்கையில் "இதனால் எந்தத் தாளை எடுக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

12 செப்டம்பர் 2023

இந்த மாதம் 1ஆம் தேதி முதல் 65 வயது ஆனவர்களுக்கும் 18 வயது ஆகாதவர்களுக்கும் அரசின் பட்டியலில் உள்ள மருந்துகள் இலவசம். 2016 செப்டம்பரில் தொடங்கியபோது 75 ஆனவர்களுக்கு மட்டும்தான்.

நேற்று 67 வயதுப் பெரியவர் ஒருவர் மருந்துக்கடை ரசீதோடு வந்தார். "பானி (மேடம்), தொலைக்காட்சியில் இலவசம் என்றார்களே, என்னிடம் காசு வாங்கினார்கள்." சீட்டைப் பார்த்தேன். தனியார் மருத்துவர் எழுதியது. நிதியத்தோடு ஒப்பந்தம் உள்ள இடத்தில், மருத்துவர் அந்த உரிமைக்கான எஸ் குறியீட்டைப் போட்டு எழுதினால்தான் இலவசம். அந்த மருந்து பட்டியலில் இருக்க வேண்டும், எந்த நோய்க்கு என்பதும் பொருந்த வேண்டும். தொலைக்காட்சியில் "65 ஆனால் இலவசம்" என்று நாலு சொல்லில் முடித்துவிட்டார்கள். அவர் ரசீதை நாலாக மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்போது இந்த மாதத்துக்கு இவ்வளவுதான்" என்று கிளம்பினார். நான் அடுத்த வாரத்துக்கு எங்கள் மருத்துவரிடம் நேரம் போட்டுக் கொடுத்தேன்.

75 வயதுத் திட்டத்தின் ஆரம்ப காலத் துண்டறிக்கைகளில் "குடும்ப மருத்துவர் மட்டுமே எழுதலாம்" என்றிருக்கும். இப்போது சிறப்பு மருத்துவரும் எழுதலாம். பழையதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டிகள் ஏராளம். நல்ல தாளில் அச்சடித்தால் இதுதான் கஷ்டம், தூக்கிப் போட மனசு வராது.

4 நவம்பர் 2023

மேலே 2022 அக்டோபரில் 50 முதல் 69 என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது சரி. இந்த மாதம் 1ஆம் தேதி முதல் 45 முதல் 74 வரை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் 25 முதல் 64 வரை என்று நீண்டிருக்கிறது, முன்பு 59 வரைதான். பழைய குறிப்பை அழிக்காமல் அதன் தலையில் "காலாவதி, கீழே பார்க்கவும்" என்று சேர்த்துவிட்டேன்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 46 வயதுப் பெண் ஒருத்தி பழைய சுவரொட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? இன்னும் நாலு வருஷம் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவாள். யாரிடமும் கேட்க மாட்டாள், புகாரும் செய்ய மாட்டாள். மருந்துக்கடையில் காசு வாங்கியவர் வந்து கேட்டார், பூட்டிய கதவைத் தட்டியவர் வந்து கத்தினார். இவள் வரவே மாட்டாள். எந்தத் தாள் முதலில் மாற வேண்டும் என்று வரிசை போட்டால், வராமலே போகிறவர்களுக்கான தாளை முதலில் வைப்பேன்.

5 நவம்பர் 2023

க்டான்ஸ்க் தங்கை நினைவுபடுத்தினாள்: ஓராண்டுச் சீட்டிலும் மாற்றம். ஒரே தடவையில் வாங்கக்கூடியது இனி 120 நாளுக்கான மருந்து, முன்பு 180. வெளியூர் கிளம்பும் முன் மொத்தமாக வாங்குகிறவர்கள் கவனிக்கவும்.

18 பிப்ரவரி 2024

தேதி போட வேண்டும் என்று 2022இல் பிடிவாதமாக எழுதினேன். இப்போது அதோடு நிறுத்த முடியாது என்று தோன்றுகிறது.

போன வாரம் ஒரு மருத்துவமனைக்குச் சொந்தக்காரர் ஒருவருடன் போயிருந்தேன். நடைபாதையில் பளபளவென்று புதுத்தாள், மூலையில் 2024 ஜனவரி. உள்ளே மார்பகப் பரிசோதனை 50 முதல் 69. யாரோ பழைய கோப்பைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்திருக்கிறார்கள். தேதி இல்லாத தாளைவிட இது மோசம், சந்தேகப்படக்கூட வழியில்லை.

ஆகவே அச்சடித்த தேதி உதவாது. விதியைச் சட்டத்தோடோ நிதியத்தின் அறிவிப்போடோ ஒப்பிட்டுப் பார்த்த தேதி வேண்டும். யார் பார்த்தது என்பதும் வேண்டும். ஆள் பெயர் வேண்டாம், "பதிவு மேசை", "தலைமைச் செவிலியர்" என்று பொறுப்பைப் போட்டால் போதும். எங்கள் இடத்தில் இப்படித்தான் தொடங்கியிருக்கிறோம். பொறுப்பு எழுதியிருப்பதால் நோயாளிகளே வந்து "உங்கள் தாளில் இது பழசு" என்று சொல்கிறார்கள்.

19 பிப்ரவரி 2024

"நிதியத்துக்கு 16 கிளை, 16 பக்கம். அவர்களே ஒரே மாதிரி எழுதுவதில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர்.

உண்மைதான். அதனால்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். நாடு முழுக்க ஒரே விதி என்றால் அரசின் நோயாளித் தளத்தைப் பாருங்கள். ஊருக்கு ஊர் மாறுவது, அதாவது இரவுச் சிகிச்சை முகவரி, எந்த மருத்துவமனை எதற்கு ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தந்தக் கிளையில். காத்திருப்பு நாள் என்றால் நிதியத்தின் சிகிச்சைத் தேதித் தளம். அங்கே பார்த்த பிறகும் அந்த இடத்துக்கு போன் செய்து கேட்டுவிடுங்கள். காத்திருப்பு நாள்களைச் சுவரில் எழுதவே கூடாது. நாளைக்கே பொய்யாகிவிடும்.

போன் மட்டும் உள்ளவர்களுக்கு நிதியத்தின் நோயாளித் தகவல் எண் 800 190 590. இலவசம், 24 மணி நேரமும் ஆள் இருக்கும். நோயாளித் தகவல் என்று எதை ஒட்டினாலும் இந்த எண்ணைக் கீழே பெரிதாகப் போடுங்கள். மற்றவை பழசானாலும் இது ஒருவரைச் சரியான இடத்துக்குக் கொண்டு போகும்.

10 செப்டம்பர் 2024

ஹெச்பிவி தடுப்பூசி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரானது) இலவச வயது இந்த மாதம் முதல் 9 முதல் 14. 2023 ஜூனில் தொடங்கியபோது 12, 13 வயதுக்கு மட்டும். பள்ளியில் கொடுத்த பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு "என் மகளுக்கு 10தான், இன்னும் ஆகவில்லை" என்று சொன்ன தாயை இன்று பார்த்தேன். மேசையிலேயே நேரம் போட்டோம். மகன்களுக்கும் உண்டு, அதையும் கேட்டுவிட்டுப் போனார்.

13 மே 2025

"40 பிளஸ்" திட்டம், அதாவது 40 வயது ஆனவர்களுக்கான இலவசப் பரிசோதனைத் திட்டம், ஏப்ரல் 30ஆம் தேதியோடு முடிந்தது. 2021 ஜூலையில் தொடங்கி, முடியும் முடியும் என்று சொல்லிச் சொல்லி நீட்டிக்கொண்டே வந்ததால், இந்தத் தடவையும் நீட்டுவார்கள் என்று பலர் இருந்துவிட்டார்கள். அதன் இடத்தில் மே 5 முதல் "என் ஆரோக்கியம்" திட்டம். 20 வயது முதல். 49 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. முன்பு எந்தெந்த ஆய்வகத்துக்கோ போனீர்கள், இப்போது உங்கள் பெயர் பதிந்துள்ள குடும்ப மருத்துவர் கிளினிக்கிலேயே.

சுவரில் ஒட்டியிருந்த 40 பிளஸ் தாள்களை ஏப்ரல் 30 மாலையே எடுத்தோம். அச்சகத்தில் கொடுத்து அடித்த துண்டறிக்கை ஒரு கட்டு அலமாரியில் கிடந்தது. யாரோ நல்லெண்ணத்தில் மறுபடி வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. இன்று முழுக் கட்டையும் காகிதத் தொட்டியில் போட்டாயிற்று.

14 மே 2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. புதுத் திட்டத்தில் முதலில் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும், நோயாளிகளுக்கான அரசு இணையக் கணக்கிலோ செயலியிலோ. "எனக்குக் கணக்கே கிடையாது, அப்போது எனக்கு இல்லையா?" என்று இன்றே பலர் கேட்டுவிட்டார்கள். உண்டு. கிளினிக்குக்கு வாருங்கள், இங்கேயே உட்கார்ந்து நிரப்பலாம், நாங்கள் உதவுவோம். சில இடங்களில் ஒட்டிய தாளில் கியூஆர் கோடு மட்டும் இருக்கிறது. இந்த வரியைக் கையாலாவது எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

22 அக்டோபர் 2025

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் கட்டடத்து மாடிப்படிப் பலகையில் இன்னும் 50 முதல் 69 இருக்கிறதாம். "நான் பிய்க்கலாமா?"

யார் ஒட்டியது என்று குடியிருப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் எடுத்தால் நல்லது. எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம், அதன்மேல் தடித்த பேனாவால் 45 முதல் 74 என்று எழுதி, கீழே 800 190 590 போடுங்கள். மூன்றாம் மாடியில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார் என்று ஒருமுறை சொன்னீர்களே, வயது 72 என்று ஞாபகம். அவர் கதவைத் தட்டி நேரிலும் சொல்லிவிடுங்கள். பரிசோதனை பஸ் எந்த நாள், எங்கே வருகிறது என்பதை நான் நாளைக்குக் கிளையில் கேட்டு இங்கே போடுகிறேன்.